பொருத்தம் பார்த்தல்

பாகாவ் ஞாயிற்றுச் சந்தையில்
மீன்கடைக்கும் ரப்பர் செருப்புக் குவியலுக்கும் நடுவே
செவத்தியான் மேசை போட்டிருந்தார்.
ரோஸ் சிராப் போத்தல்கள், கழுவிக் கவிழ்த்து
மறுபடி நிமிர்த்தி நிரப்பியவை.
லேபிளில் ஒரு மரம், ஒரு புலி,
'துவாலாங் காட்டுத் தேன், நூறு விழுக்காடு.'
புலி எதற்கு என்று கேட்டேன்.
'அச்சடிச்சவன் இலவசமாப் போட்டான்.'

என் அரசாங்கச் சட்டையைப் பார்த்ததும்
அவரே சோதனையைத் தொடங்கிவிட்டார்.
தாளில் ஒரு சொட்டு: பரவவில்லை.
தண்ணீரில் ஒரு சொட்டு: கம்பியாக இறங்கிற்று.
தீக்குச்சியை முக்கி உரசினார், பற்றிக்கொண்டது.
'எறும்பு பாருங்க, வராது.'
வரவில்லை. சந்தையில் எறும்புக்கு
அதைவிட நல்ல சாப்பாடு இருந்தது.

இரண்டு போத்தல் எடுத்து ரசீது எழுதினேன்.
மூன்றாவது மேசைக்கடியில் கிடந்தது.
லேபிள் இல்லை, மூடிக்குப் பதில்
பிளாஸ்டிக் பையும் ரப்பர் வளையமும்.
'அது விக்கிறதுக்கில்ல. வீட்டுக்கு. இருமலுக்கு.'
அதிலும் கொஞ்சம் கேட்டு வாங்கினேன்.

ஆய்வுக்கூடத்தில் தேன் தேனாக இருப்பதில்லை.
வெந்நீரில் கரைத்து, சுழற்றி,
இனிப்பைச் சாக்கடையில் கொட்டிவிட்டு
அடியில் தங்கும் கசடைத்தான் எடுக்கிறோம்.
மகரந்தத்தின் ஓட்டை உடைத்து
உள்ளே சுருண்ட மரபிழையைக்
கோடிக்கணக்கில் பெருக்கி,
பேர் தெரிந்த இழைகளோடு வைத்துப்
பொருத்தம் பார்க்கிறோம்.
எனக்கு வீட்டில் மூன்று முறை பார்த்தார்கள்.
இது அதைவிட நம்பகமானது.

புலிப் போத்தலில் புலி இல்லை, அது தெரிந்ததுதான்.
துவாலாங் கிளையில் தொங்கும் மலைத்தேனீயும் இல்லை.
பெட்டியில் வளரும் சீமைத்தேனீ கொஞ்சம்.
மற்றபடி நெல்.
ஆலையில் பாகாய்க் காய்ச்சிய நெல்.
மலாயில் தேனுக்கு மாடு என்று பெயர், நம் மாடு அல்ல.
சக்களத்திக்கும் அதே சொல்தான்.

இதே சரக்கைத்தான் போன வெள்ளி
மாரியம்மனுக்கு அபிஷேகம் செய்தார்களாம்.
அம்மன் ஒன்றும் சொல்லவில்லை.
அவளுக்குச் சோறு பிடிக்கும்.

பேரில்லாத போத்தல் வேறு மாதிரி.
முடிவுகள் திரையில் இறங்க இறங்க
எனக்குத் தெருக்கள் தெரிந்தன.
தென்னை. செம்பனை. முருங்கை, கறிவேப்பிலை.
தொட்டாச்சிணுங்கி, நினைத்ததைவிட நிறைய;
திடலில் இப்போது யாரும் பந்து விளையாடுவதில்லை போலும்.
பள்ளிவாசல் பக்கத்து ரம்புத்தான்.
ரப்பர், ஒரே ஒரு மெலிந்த தடயம்:
மறுநடவுக்குத் தப்பிய மரம் ஒன்று
எங்கோ நிற்கிறது.
அத்தனையும் சுமந்து வந்தது அடுக்குத்தேனீ,
செவத்தியான் வீட்டு
மின்மீட்டர் பெட்டியில் குடியிருப்பது.

எதனோடும் பொருந்தாதது நூற்றில் மூன்று.
'அடையாளம் தெரியவில்லை' என்று தட்டினேன்.

அபராதக் கடிதத்தோடு போனேன்.
கையெழுத்துப் போடுமுன்
அடையாளக் கார்டை மேசையில் வைத்தார்.
தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி எழுதியது:
செவன் தியான்.
'பேங்குல சீனத்துல பேசுறாங்க.
இதுக்கு எவ்வளவு அபராதம்?'
என்னிடம் அதற்குப் பாரம் இல்லை.

அடுத்த மாதம் புலிகளைக் காணோம்.
என் அறிக்கையின் நகலைக் கத்தரித்து
போத்தலில் ஒட்டியிருந்தார்,
தென்னை, முருங்கை, தொட்டாச்சிணுங்கி,
அடையாளம் தெரியாத மூன்று உட்பட.
ஆறு போத்தல். மணி பதினொன்று. ஆறும் அங்கேயே.
ஒரு பெண் எடுத்தாள், கடைசி வரி வரை படித்தாள்,
வைத்துவிட்டாள்.
'காட்டுத் தேன் இல்லையாண்ணே?'

அவர் என்னைப் பார்த்தார்.
நான் செருப்புக் குவியல் பக்கம் திரும்பி
எனக்குத் தேவையில்லாத ஒரு ஜோடிக்கு
விலை கேட்டேன்.